நாற்பத்தொன்றில் பச்சையா வெள்ளையா

கண் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டாம் டோக்கனைக் கூப்பிட்டபோது அவள் நான்காவது முறையாக எழுந்து நின்றாள். கையிலிருந்த டோக்கன் நாற்பத்தேழு. எழுந்து நிற்க ஒரு காரணமும் இல்லை.

"உட்காரும்மா. நீ எழுந்து எழுந்து உட்கார்றதுல பெஞ்சு தேஞ்சுடும் போல" என்றார், பக்கத்தில் கண்ணை மூடி அமர்ந்திருந்த மாமனார்.

"கண்ணுல மருந்து விட்டு மூடித்தானே இருக்கீங்க? நான் எழுந்தது எப்படித் தெரிஞ்சது?"

"முப்பத்தோரு வருஷம் பஸ்ல டிக்கெட் கிழிச்சவன் நான். எந்த சீட்ல யார் எழுந்தாங்கன்னு முதுகே சொல்லும்."

நர்ஸ் வந்து அவர் இமையை விலக்கி இரண்டாவது தடவை மருந்து விட்டாள். "இன்னும் ஒரு தடவை இருக்கு தாத்தா. கண்ணைத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது. இந்த நாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தார்கள். மகன், அதாவது அவள் கணவன், லாரியோடு எங்கோ போயிருக்கிறான். வர நாலு நாள் ஆகும். ஆகவே அவள்தான் லீவு போட்டாள். லீவு போட்ட இதே நாளில்தான் பதினோரு மணிக்கு அவள் வயரிங் செய்த இயந்திரத்தைக் கஸ்டமர் முன்னால் ஓட்டிக் காட்டப்போகிறார்கள்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஏழு மஞ்சள் டேப் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஐந்தாவது துண்டில் அவள் கையெழுத்திலேயே: 'வலது என்கோடர், 41-42 மாற்றியது.' மாற்றியது சரி. மாற்றியதை நேற்று சாயந்திரம் அவளே திரும்பவும் பழையபடி மாட்டிவிட்டாளா என்பதுதான் கேள்வி. அதற்கு எந்த டேப்பும் பதில் சொல்லவில்லை.

தொழிற்கூடத்தில் அவளுக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர். பதினாலு வருஷமாக இயந்திரங்களின் மின்பெட்டிகளுக்கு, அதாவது பேனல்களுக்கு, வயரிங் செய்கிறாள். அதற்கு முன் ஒரு தையல் கம்பெனியில் பொத்தான் தைத்தாள். பத்தாம் வகுப்போடு நின்றவள், கல்யாணமாகி, பிள்ளையும் பெற்ற பிறகு, முப்பத்தி நாலு வயசில் மாலை வகுப்புக்குப் போய் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தாள். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சட்டம் போட்டு மாட்டிய முதல் சான்றிதழ் அது. டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் டிவியைப் பார்க்கிற சாக்கில் அதையும் பார்த்தாக வேண்டும்.

கை சுத்தம், கண் கூர்மை. ஆனால் ஒரு பழக்கம். கேட் வரை போய்விட்டு, "இருங்க, மறுபடியும் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று திரும்புவாள். ஒருமுறை பஸ் ஏறி இரண்டு ஸ்டாப் போன பிறகு இறங்கித் திரும்பி வந்து, பூட்டிய பேனலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பேரை வைத்தவன் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன்தான். அதே கூடத்தில் ஃபிட்டர். இயந்திரத்தின் இரும்பு உடம்பெல்லாம் அவன் கை. நரம்பெல்லாம் அவள் கை.

இந்தத் தடவை செய்திருப்பது பலகை வெட்டும் இயந்திரம். நீளமான மேசை. மேசையின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம். பாலத்தில் வெட்டும் கத்தி. பாலத்தின் இரண்டு முனையையும் இரண்டு மோட்டார் தள்ளும். ஒவ்வொரு மோட்டாரின் பின்னாலும் கைக்கடக்கமாக ஒரு டப்பா, அதுதான் என்கோடர். உள்ளே ஒரு மெல்லிய வட்டு. வட்டில் தலைமுடி கனத்துக்குக் கோடுகள். வட்டு சுழலச் சுழல வெளிச்சம் கோடுகளுக்கிடையே விட்டுவிட்டுப் போகும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் பாலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று இயந்திரத்தின் மூளையான கன்ட்ரோலர் தெரிந்துகொள்கிறது. எண்ணிக்கைக்கு ஒரு வயர் போதும். எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய இரண்டு வயர் வேண்டும். பச்சை வயரில் துடிப்பு முந்தி, வெள்ளையில் பிந்தினால் முன்னால் போகிறது. வெள்ளை முந்தினால் பின்னால்.

இடது மோட்டாரும் வலது மோட்டாரும் ஒன்றையொன்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பவை. எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர் ஒரே திசையில் நகர்ந்தால் ஒருவருக்கு அது வலப்பக்கம், மற்றவருக்கு இடப்பக்கம் அல்லவா? அதனால் வலது என்கோடரின் பச்சையையும் வெள்ளையையும் இடம் மாற்றி மாட்ட வேண்டும். வரைபடம் போட்டவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அவள்தான் கண்டுபிடித்து, வயர் மாட்டும் திருகு வரிசையில் நாற்பத்தொன்றாம் டெர்மினலில் வெள்ளையையும் நாற்பத்திரண்டில் பச்சையையும் மாட்டினாள். புதன்கிழமை ஓட்டிப் பார்த்தார்கள். பாலம் வழுக்கிக்கொண்டு போனது.

வரைபடம் திருத்தி வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம்: வரைபடத்துக்கு மாறாக எந்த வயரை மாட்டினாலும் அதில் மஞ்சள் டேப் சுற்றி, என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். அந்த மஞ்சளைப் பார்த்தால் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு மேனேஜர் பேனலைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது? அங்கங்க மஞ்சள் மஞ்சளா சுத்தி, விபத்துல அடிபட்ட ஆள் மாதிரி நிக்குது. நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. எல்லாத்தையும் எடுத்துடு. புதுசு மாதிரி இருக்கணும்."

"சார், இது அடையாளம் சார்..."

"அவங்க போனதும் திரும்ப ஒட்டிக்கோ. யார் வேண்டாம்னா?"

ஏழு டேப்பையும் பிரித்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லை; நோட்டில் ஒட்டிக்கொண்டாள். பிறகு, எந்தப் பேனலை முடித்தாலும் செய்கிற கடைசிச் சுற்றைத் தொடங்கினாள். இடது கை விரல் வரைபடத்தில், வலது கையில் ஸ்க்ரூடிரைவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று டெர்மினல் டெர்மினலாக நிறம் பார்த்து, திருகை இறுக்கிக்கொண்டே போவாள். நிறம் மாறியிருந்தால் கழற்றிச் சரியாக மாட்டுவாள். பதினாலு வருஷப் பழக்கத்தில் அந்தச் சுற்றுக்கு மூளை தேவைப்படுவதில்லை. கையே பார்க்கும், கையே செய்யும். டேப் எடுத்த இடம் வரும்போது மட்டும் நின்று, ஞாபகப்படுத்திக்கொண்டு தாண்ட வேண்டும்.

நாற்பதாம் டெர்மினலுக்கு வந்தபோது கொழுந்தன் வாசலிலிருந்து, "அண்ணி, அஞ்சே முக்கால் பஸ் போயிடும். இன்னைக்கும் மறுபடியா?" என்று கத்தினான். அவள் தலையைத் திருப்பி, "வரேன், வரேன்" என்றாள். அப்போது கை ஒரு திருகைத் தளர்த்தியதா, இறுக்கியதா? ஏதோ செய்தது. ஒரு வயரை விரலிடுக்கில் பிடித்த ஞாபகம் இருக்கிறது. அது பச்சையா, வெள்ளையா?

முப்பத்து நாலாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்துவிட்டாள்.

வயர் பழையபடி ஆகியிருந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். கன்ட்ரோலர் வலது மோட்டாரை முன்னால் போகச் சொல்லும். மோட்டார் போகும். எண்ணிக்கையோ பின்னால் போவதாகச் சொல்லும். சொன்னதற்கு எதிராகப் போகிறானே என்று கன்ட்ரோலர் இன்னும் வேகமாகத் தள்ளும். தள்ளத் தள்ள, இன்னும் பின்னால் போவதாகவே கணக்கு வரும். தறிகெட்டு ஓடும். எல்லை மீறினால் தானாக நின்றுவிடும்தான். நிற்பதற்குள் பாலம் ஒரு முழம் பாய்ந்திருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் இப்படி ஓடிய, மோட்டார் வைத்த ஒரு வண்டி மோதி, கூடத்தின் இரும்புக் கதவில் விழுந்த பள்ளம் இன்னமும் இருக்கிறது. கதவுக்கு முன்னால் இருந்த நாற்காலி அப்பளமாய் நொறுங்கியது. அதில் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார்.

இன்றைக்கு நாற்காலி இல்லை. பலகையைப் பிடித்துக்கொள்ளும் பிடிகள் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் கொழுந்தன்தான் வலது ஓரத்தில் நின்று, பாலத்துக்கு முன்னால் பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்கப்போகிறான். "மெதுவாத்தானே அண்ணி வரும்? நான் மனுஷப் பிடி" என்று நேற்றுத்தான் சிரித்தான்.

வெராந்தாவுக்குப் போய் அவனுக்குப் போன் செய்தாள். அணைத்திருந்தது. கஸ்டமர் வரும் நாளில் எல்லாருடைய போனும் கேட்டிலுள்ள பெட்டியில் போய்விடும். ஆபீஸ் நம்பருக்கு அடித்தாள். அங்கே போன் எடுக்கும் பெண் எடுத்தாள்.

"அக்கா, லீவுலயும் நீங்களா?"

"கொஞ்சம் அவசரம்மா. கொழுந்தனைக் கூப்பிடு. இல்ல, புரோகிராமரைக் கூப்பிடு."

"யாரையும் கூப்பிட முடியாதுக்கா. கஸ்டமர் சீக்கிரமே கிளம்பிட்டாங்களாம், பத்தே முக்காலுக்கே ஆரம்பிக்கிறாங்க. எல்லாரும் உள்ள ஓடிக்கிட்டிருக்காங்க."

"சரி, எழுதிக்கோ. பவர் குடுக்கறதுக்கு முன்னாடி பாலத்தைக் கையால தள்ளி, வலது பக்க எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லு."

"சொல்றேன்க்கா." பிறகு போனை மூடாமலே அந்தப் பக்கம் யாரிடமோ திரும்பி, "மறுபடி அக்கா" என்றாள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு நாலு தடவை அவள் இப்படிச் சந்தேகப்பட்டிருக்கிறாள். நாலு தடவையும் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. இதுவும் அந்த வியாதிதானோ?

பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"என்னம்மா, கம்பெனி விஷயமா?" என்றார் மாமனார்.

சொன்னாள். பச்சை, வெள்ளை எல்லாம் சொல்லாமல், "நான் ஒரு வயரைத் தப்பா மாட்டியிருக்கலாம் மாமா. தம்பி அந்தப் பாலத்துக்கு முன்னாடி கை வெச்சு நிப்பான்" என்று மட்டும் சொன்னாள்.

"மாட்டியிருக்கலாமா, மாட்டிட்டியா?"

"தெரியல. அதுதான் மாமா..."

அவர் கண்ணைத் திறந்தார். திறந்ததும் வெளிச்சம் குத்தி மறுபடி மூடிக்கொண்டார். "கிளம்பு" என்றார்.

"நீங்க இருங்க. நான் மட்டும் போயிட்டு..."

"அங்க நிக்கறது என் பிள்ளை. கூட்டிட்டுப் போ. இவங்க குடுத்த கறுப்புக் கண்ணாடி எங்க?"

"மாமா, மூணு மாசம் காத்திருந்து வாங்கின தேதி."

"என் கண்ணு எங்கயும் ஓடிடாது. மூஞ்சிலதானே இருக்கு."

நர்ஸ் பின்னாலேயே வந்து, "தாத்தா, மூணாவது மருந்து" என்றாள். "வந்து வாங்கிக்கறேன்மா, எடுத்து வை" என்று சொல்லிவிட்டு, மருமகள் தோளில் கை வைத்துப் படி இறங்கினார்.

பஸ் வரப் பதினோரு நிமிஷம் ஆனது. ஏறிய பஸ்ஸில் இடம் காலியாகவே இருந்தது. அவரை உட்காரவைத்துவிட்டு அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். நின்றால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுபோல. சிக்னலில் பஸ் நின்றது. ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பியது, நின்றது, பின்னால் வந்தது, மறுபடி திரும்பியது. அவள் உள்ளங்கையில் கம்பி ஈரமானது. நாற்பது, நாற்பத்தொன்று, "வரேன், வரேன்". கையை விரித்துப் பார்த்தாள். அந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றும் அறியாதவைபோல இருந்தன.

"இன்னும் எத்தனை ஸ்டாப்?" என்றாள் தனக்குத் தானே.

"நாலு" என்றார் கண்ணை மூடியபடி. "இப்ப ஒரு மேடு வரும், அப்புறம் வளைவு. வளைவுல புடிச்சுக்கோ."

மேடு வந்தது. வளைவும் வந்தது. "டிரைவர் தம்பி ரெண்டாவது கியர்லயே ஓட்டறான். இப்படி ஓட்டினா நானே இறங்கித் தள்ளலாம்" என்று சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை. முழங்காலின் மேல் அவர் விரல்கள் தாளம் தட்டிக்கொண்டே இருந்தன.

பத்து நாற்பத்தாறுக்கு கேட். காவலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "இன்னைக்கு லீவு இல்லையா? லீவுலயும் மறுபடியா?" என்று சிரித்தார். அவள் போனை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே நடந்தாள். நடை மூன்றாவது எட்டில் ஓட்டமானது. மாமனாரின் கை தோளிலிருந்து நழுவியதை அவள் கவனிக்கவில்லை. "நீ போம்மா, நான் சுவரைப் புடிச்சு வந்துடறேன்" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

கூடத்தில் எல்லாரும் சலவைச் சட்டையில் நின்றிருந்தார்கள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகை மாட்டியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வந்திருந்த கஸ்டமர், மரச்சாமான் தொழிற்சாலை நடத்தும் அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பாலத்தையே பார்த்திருந்தார். புரோகிராமரின் விரல் பச்சைப் பொத்தானின் மேல் தயாராக இருந்தது. மேசையின் வலது ஓரத்தில் கொழுந்தன் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் பலகைமேல் பதித்து நின்றான். பாலத்துக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஒரு சாண்.

கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டே விரல் அழுத்தும். அவள் கத்தவில்லை. தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

'டக்' என்று ஒரு சத்தம். விசிறிகள் அடங்கின. விளக்குகள் சிவப்புக்கு மாறின. எண்ணிக்கை காட்டும் திரை மட்டும் எரிந்தது.

"யாரது?" என்று திரும்பிய மேனேஜரின் புன்னகை பாதி வழியில் நின்றது. "நீயா? உனக்கு லீவு குடுத்தேனே!"

"சார், கையை எடுக்கச் சொல்லுங்க. டேய், கையை எடு!"

அண்ணி தன்னை 'டேய்' என்று கூப்பிட்டு அவன் கேட்டதே இல்லை. கை தானாகப் பின்னால் போனது.

"பாலத்தைக் கையால தள்ளணும் சார். ஒரு முழம். திரையில ரெண்டு எண்ணிக்கையையும் பாருங்க. அவ்வளவுதான். சரியா இருந்தா நான் போயிடறேன்."

"புதன்கிழமைதான் ஓட்டிப் பார்த்தோமே?" என்றான் புரோகிராமர், கஸ்டமருக்குக் கேட்காத குரலில்.

"புதனுக்கப்புறம் நேத்துன்னு ஒரு நாள் வந்துச்சு சார்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாள், "தள்ளுங்களேன், பார்ப்போம்" என்றார்.

கொழுந்தனும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தள்ளினார்கள். அந்த ஒரு முழத்தில் அவளுக்கு இரண்டு பயம் இருந்தது. தப்பாக இருந்தால் தன் கையே தம்பியின் கைக்கு எமனாகியிருக்கும். சரியாக இருந்தாலோ, இனி இந்தக் கூடத்தில் அவள் எதைச் சொன்னாலும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். பாலம் கனமாக, எண்ணெய்ச் சத்தத்தோடு நகர்ந்தது.

திரையில் இடது எண்ணிக்கை ஏறியது. இருநூறு, அறுநூறு, ஆயிரம். வலது எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு விழுந்தது. கழித்தல் இருநூறு. கழித்தல் அறுநூறு. கழித்தல் ஆயிரம்.

புரோகிராமர் பொத்தானுக்கு அருகிலிருந்த தன் விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கொழுந்தன் திரையைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவற்றைப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"யார் மாத்தினது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார். நேத்து டேப்பை எடுத்த பிறகு கடைசிச் சுற்று போனேன். வரைபடத்துல பச்சைன்னு இருந்துது. கை பச்சையை மாட்டிடுச்சு."

டேப்பை எடுக்கச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததே மேனேஜரின் காதைச் சிவக்க வைத்தது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு புரோகிராமரிடம் திரும்பினார். "சரி, ஸாஃப்ட்வேர்லயே திசையைத் திருப்பிடலாம்ல? ஒரு நிமிஷ வேலை. பேனலைத் திறக்கவே வேண்டாம்."

"அரை நிமிஷம் போதும் சார்" என்றான் அவன்.

"வேண்டாம் சார்" என்றாள் அவள். "இன்னைக்கு உள்ள திருப்பினா, அடுத்த வாரம் திருத்தின வரைபடம் வரும். அதைப் பார்த்து யாராவது வயரையும் திருப்புவாங்க. மறுபடியும் இதேதான் நடக்கும். அந்த யாராவது நானாவே இருப்பேன்."

பேனலைத் திறந்தாள். நாற்பத்தொன்றில் பச்சை. எவ்வளவு அழகாக, எவ்வளவு இறுக்கமாக மாட்டியிருக்கிறாள்! தான் செய்த தப்பில்கூட ஒரு பிசிறு இல்லாததைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் வந்தது. திருகைத் தளர்த்தினாள். பச்சையை நாற்பத்திரண்டுக்கு, வெள்ளையை நாற்பத்தொன்றுக்கு. இந்த முறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டினாள். பிறகு நோட்டைத் திறந்து ஐந்தாவது டேப்பை உரித்து, அதே வயரில் சுற்றினாள்.

"அது என்னம்மா மஞ்சளா?" என்று அந்த அம்மாள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வரைபடத்துக்கு மாறா இருக்கற வயருக்கு அடையாளம்மா. பார்த்தா யாரும் கை வைக்கமாட்டோம்."

"நேத்து எத்தனை எடுத்தீங்க?"

"ஏழு."

"இது ஒண்ணு. மிச்சம் ஆறு?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார். அவள் நோட்டை நீட்டிக் காட்டினாள். அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஆறையும் பார்த்துட்டு ஒட்டுங்க. நான் இருக்கேன். மிஷின் எங்க இடத்துக்கு வரும்போதும் இந்த மஞ்சளோடயே வரட்டும்" என்றார்.

ஆறும் சரியாகவே இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்க்க முக்கால் மணி நேரம் போனது. கடைசித் துண்டை ஒட்டிவிட்டு அவள் நிமிர்ந்தபோது, பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. கொழுந்தன். கைகள் இன்னமும் பைக்குள்தான்.

"அண்ணி" என்றான். "மறுபடியும் ஒரு தடவை பார்த்துடறீங்களா?"

கிண்டலா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. மறுபடியும் பார்த்தாள்.

பாலத்தைக் கையால் தள்ளினார்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக ஏறின. பிறகு பவர் கொடுத்து, பலகையில்லாமல் மூன்று தடவை ஓட்டினார்கள். நாலாவது தடவை பலகையோடு. கையால் பிடிக்கக் கூடாது என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டதால் இரண்டு கட்டைகளை வைத்து முடுக்கினார்கள். பாலம் மெதுவாக வந்தது. கத்தி இறங்கியது. பலகை நேர்கோட்டில் இரண்டானது. அந்த அம்மாள் அளவு நாடாவால் இரண்டு முனையையும் அளந்து, சரி என்று தலையை ஆட்டினார்.

அப்போதுதான் அவளுக்கு மாமனார் ஞாபகம் வந்தது. பள்ளம் விழுந்த கதவுக்குப் பக்கத்தில், கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்போது, யாரைப் பிடித்துக்கொண்டு வந்தாரோ.

"டேய்" என்றார் சத்தம் வந்த திசையில். "கை இருக்கா?"

"இருக்குப்பா."

"ரெண்டும்?"

"ரெண்டும்தான்ப்பா."

"எங்க, குடு."

கொழுந்தன் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்து நீட்டினான். அவர் விரல் விரலாகத் தடவினார். ஒரு தடவை முடித்ததும் விட்டுவிடுவார் என்று அவன் இழுத்தான். அவர் விடவில்லை, இன்னொரு தடவை கட்டைவிரலிலிருந்து தொடங்கினார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கும் இடம் கிடைத்தது, உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டே முக்கால். டோக்கன் போயிருக்கும், நர்ஸின் காலில் விழுந்தாவது பார்க்க வேண்டும். ஒரு வயர் இருந்தால் எண்ணிக்கை, இரண்டு இருந்தால்தான் திசை என்று நடந்ததையெல்லாம் மாமனாரிடம் சொல்லி முடித்தாள். கண்ணை மூடினாள். முதல் ஸ்டாப் போனது. இரண்டாவது ஸ்டாப்புக்கு முன்னால் கண்ணைத் திறந்தாள்.

"மாமா."

"ம்."

"கிளம்பும்போது பேனல் கதவைப் பூட்டினேனா?"

"பூட்டின. சாவி திரும்பற சத்தம் கேட்டேனே. ரெண்டு சுத்து."

அவள் சாய்ந்துகொண்டாள். ஒரு நிமிஷம்தான். மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கமா சுத்துச்சு? பூட்டற பக்கமா, திறக்கற பக்கமா?"

மாமனார் கறுப்புக் கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினார்.

"ஏம்மா, என் காதுல ஒரு வயர்தான் இருக்கு. எண்ணிக்கைதான் வரும்."

அவள் எழுந்து மணிக் கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பஸ் இரண்டாவது ஸ்டாப்பில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். மறுபடி கிளம்பியது.